பிராட்வேயில் படம், கோர்ட்டில் பாகவதர்

குற்றாலம் பேரருவியில் வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அப்படி விழுந்தால் போலீஸ் யாரையும் குளிக்க விடாது. துண்டும் மாற்றுத்துணியுமாக வந்த கூட்டம் கடையோரங்களில் ஒதுங்கி நின்றது. நானும் என் தம்பி மகளும் எண்ணெய்த் தலையோடு ஒரு டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்தோம். அவள் திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறாள், மூன்றாம் வருஷம்.

கடைக்காரர் தன் செல்போனை ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைத்துப் பாட்டுப் போட்டிருந்தார். டம்ளருக்குள் வைத்தால் சத்தம் கொஞ்சம் கூடிக் கேட்கும். ‘ஹரிதாஸ்’ படத்துப் பாட்டு. பாடுகிறவர் எம்.கே.தியாகராஜ பாகவதர்.

“பெரியப்பா, இவருதானே கொலை பண்ணிட்டு ஜெயிலுக்குப் போனவரு?” என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஜெயிலுக்குப் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். விடுதலை ஆனார் என்பது சிலருக்குத்தான் தெரியும். கொலையில் அவருக்குப் பங்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றமே அவரை விட்டது என்பதைச் சொன்னால், “அப்படியா?” என்று கேட்கிறார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைக்காவது இதை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அருவியில் தண்ணீர் குறைய எப்படியும் நேரமாகும். இன்னொரு டீ சொன்னேன்.

“ஏட்டி, கொலையில இருந்து ஆரம்பிச்சா உனக்கு ஒண்ணும் விளங்காது. குரல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்குச் செங்கோட்டைக்குப் போகணும்.”

செங்கோட்டை இங்கிருந்து கூப்பிடு தூரம். அன்றைக்கு அது திருவிதாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த ஊரில் 1906இல் பிறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. சின்னப் பையனாக நாடகக் கம்பெனிக்குப் போனவர். மைக் கிடையாது. தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவன் காதுக்குப் பாட்டும் வசனமும் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரே வழி, சுருதியை உயரத்தில் வைத்துக்கொள்வது.

இந்த இடத்தில் கட்டை என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகள் வரிசையாக இருக்கும். முதல் கட்டையை ஆதார சட்ஜமாக வைத்துப் பாடினால் ஒரு கட்டை சுருதி, அங்கிருந்து மேலே இரண்டு, மூன்று என்று போகும். கச்சேரி பாடும் ஆண்களில் பெரும்பாலானவர்கள் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. கிட்டப்பா ஆண்பிள்ளைக் குரலை வைத்துக்கொண்டு ஐந்து கட்டை உயரத்தில் நின்று பாடியவர். என் தாத்தா வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றி, சாவி கொடுத்து, தட்டைப் புரட்டிப் போட வேண்டும். மூணு மூணரை நிமிஷம்தான் ஒரு பக்கம். கிட்டப்பா தட்டு ஓடும்போது மட்டும் தாத்தா எங்களை அந்த அறையில் மூச்சுவிட விடமாட்டார். கரகரவென்ற இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் ஏறிப் போகும். போய் நின்றுகொள்ளும். இறங்காது.

கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் தேதி இறந்துபோனார். வயது 27. அவரோடு மேடையில் சேர்ந்து பாடிய கே.பி.சுந்தராம்பாள், அவருடைய வாழ்க்கையிலும் சேர்ந்தவர், அதன்பின் வெள்ளைப் புடவையைத் தவிர வேறு கட்டவில்லை. பேசும் படம் தமிழுக்கு வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கிட்டப்பாவின் குரல் தட்டில் இருக்கிறது, அவர் நடிப்பைத் திரையில் பார்க்க வழியில்லாமல் போய்விட்டது. அடுத்த வருஷமே, 1934இல், ‘பவளக்கொடி’ படம் வந்தது. அதில் அர்ஜுனனாக வந்தவர் 24 வயது தியாகராஜ பாகவதர். கிட்டப்பா விட்டுப்போன உயரத்தில் பாட ஒரு குரல் கிடைத்துவிட்டது என்று ஜனங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பாகவதர் பிறந்தது மாயவரத்தில், 1910 மார்ச் 1. வளர்ந்தது திருச்சியில். பொற்கொல்லர் குடும்பம். எஃப்.ஜி.நடேச அய்யரின் ரசிக ரஞ்சனி சபா நாடகத்தில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாகத்தான் முதலில் மேடை ஏறினார். சினிமாவுக்கு வந்தபோது இசை தெரிந்திருந்தது, மேடை தெரிந்திருந்தது, ஆளும் அழகு. தோள்வரை புரளும் முடியை இளவட்டங்கள் பார்த்து வளர்த்துக்கொண்டார்கள். ‘பாகவதர் கிராப்’ என்றே அதற்குப் பேர். 1937இல் ‘சிந்தாமணி’. மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள் அந்தப் படத்தில் வந்த லாபத்தில் ஒரு தியேட்டர் கட்டி, அதற்குச் சிந்தாமணி என்று பெயரும் வைத்தார்கள். அதே வருஷம் ‘அம்பிகாபதி’. பிறகு ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’. பத்து வருஷத்தில் மொத்தமே ஒன்பது படம்தான். அந்த ஒன்பதுக்கு அப்படி ஒரு கியாதி.

“ஒம்பதுதானா?” என்றாள்.

“ஒம்பதுதான். ஒண்ணு சொல்லுதேன், கவனி. அதுல ரெண்டு படத்துல அவரு பொய்ப்பழி சுமக்கிற இளவரசன்.”

‘நவீன சாரங்கதரா’வில் சிற்றன்னை சித்திராங்கி பழி சுமத்துகிறாள். ‘அசோக்குமா’ரில் அசோகச் சக்கரவர்த்தியின் மகன் குணாளனாக வருகிறார். சிற்றன்னை ஆசைப்படுகிறாள், இணங்காததால் பழி போடுகிறாள், குணாளன் கண்ணை இழக்கிறான். கடைசியில் பார்வை திரும்பி வருகிறது. பழி சுமந்தவன் பாடிக்கொண்டே தெருவில் போக, கொட்டகையில் ஜனம் அழுதது. நிரபராதியைப் பார்த்தால் நமக்கு அழுகை வரும், அவன் நிரபராதி என்று கதை முதலிலேயே சொல்லிவிட்டால். நிஜத்தில் யாரும் முதலில் சொல்வதில்லை.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்தது. பெற்றோரை விரட்டியவன் காலை இழந்து திருந்துகிற கதை. சென்னையில் பிராட்வே டாக்கீஸில் போட்டார்கள். மூன்று வாரத்துக்கெல்லாம் அந்தச் சம்பவம் நடந்தது.

லட்சுமிகாந்தன் என்று ஒரு பத்திரிகைக்காரர். ‘சினிமா தூது’ என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதுவார். மஞ்சள் பத்திரிகை என்று சொல்கிறோமே, அந்த வகை. எழுதாமல் இருக்கப் பணம் வாங்குவதாகவும் பேச்சு. யுத்த காலத்தில் பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேண்டும். பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னருக்கு மனுக் கொடுத்தார்கள், லைசென்ஸ் பறிபோனது. லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற இன்னொரு பத்திரிகையில் மறுபடி எழுதத் தொடங்கினார். 1944 நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். பெரியாஸ்பத்திரியில் மறுநாள் உயிர் போனது.

டிசம்பரில் பாகவதரைக் கைது செய்தார்கள். கலைவாணரையும் ஸ்ரீராமுலு நாயுடுவையும்கூட. இவர்கள் மூன்று பேரும் கத்தி எடுத்துக் குத்தினார்கள் என்று போலீஸ் சொல்லவில்லை. பின்னால் இருந்து சதி செய்தார்கள் என்பது வழக்கு. மனுக் கொடுத்தவர்களுக்கு விரோதம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் விரோதம் இருந்தது வேறு, சதி செய்தது வேறு. இரண்டுக்கும் நடுவே பாலம் போட அரசுத் தரப்புக்கு ஒரு அப்ரூவர் கிடைத்தார்.

அப்ரூவர் என்றால் என்னவென்று என் தம்பி மகளே கடைக்காரருக்கு விளக்கினாள். குற்றத்தில் தானும் பங்கு என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்பு வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறவர். “அவரு சொல்லுறத மட்டும் வெச்சு தண்டிக்கக் கூடாதுண்ணே. வேற சாட்சியும் அதோட ஒத்துப்போகணும்” என்றாள். பாய்லர்த் திரியைச் சரிசெய்துகொண்டே அவர் கேட்டார். எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கு ஜூரி முறை. சென்னை உயர் நீதிமன்ற செஷன்ஸில் நீதிபதி மாக்கெட் முன்னால் விசாரணை. ஜூரிகள் ஒன்பது பேர். ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். பெரும்பான்மை போதும் என்பதால் 1945 மே 3ஆம் தேதி தீர்ப்பு. ஸ்ரீராமுலு நாயுடுவுக்கு விடுதலை. பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் முழுக்கத் தீவாந்திர தண்டனை.

இப்போது சென்னை வரைபடத்தை மனதில் போட்டுப் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றம் பாரிமுனையில் இருக்கிறது. அதற்கு எதிரேயிருந்து வடக்கே போகிற தெருதான் பிராட்வே. இங்கே கூண்டில் பாகவதர் நிற்கிறார். அதோ அங்கே, நடந்து போகிற தூரத்தில், ‘ஹரிதாஸ்’ ஓடுகிறது. பகலில் தீர்ப்பைப் படித்துவிட்டு மாலையில் அவர் பாட்டைக் கேட்க வரிசையில் நின்றவர்கள் இருந்திருப்பார்கள். அந்தப் படம் அங்கே மூன்று தீபாவளி கண்டது. 1944 தீபாவளிக்கு அவர் ராஜா. 45, 46 இரண்டு தீபாவளிக்கும் தண்டனைக் கைதி. மூன்று வருஷமும் திரையில் அதே சிரிப்போடு பாடிக்கொண்டிருந்தார். இதைப் பற்றி நினைக்காமல் ‘ஹரிதாஸ்’ பாட்டை என்னால் கேட்க முடிந்ததே இல்லை.

முதல் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதற்கு மேல் லண்டனில் பிரிவி கவுன்சில். அன்றைய இந்தியாவுக்குக் கடைசிப் படி அதுதான். அங்கே போக எவ்வளவு பணம் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளலாம். பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. இந்தத் தடவை வாதாடியவர் வி.எல்.எதிராஜ், அடுத்த வருஷம் எதிராஜ் மகளிர் கல்லூரியைத் தொடங்கினாரே, அவர்தான். நீதிபதிகள் ஹாப்பலும் சகாபுதீனும் சாட்சியத்தை எடை போட்டுப் பார்த்து, நம்பத் தக்கதாக இல்லை என்று 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

“அப்ப நிரபராதின்னு கோர்ட்டே சொல்லிட்டு. அதுக்கப்புறம் ஏன் எந்திரிக்க முடியல? ஜெயில்ல குரல் போயிட்டுன்னு சொல்லுதாங்களே?”

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். குரல் போகவில்லை. விடுதலைக்குப் பின் வந்த ‘ராஜமுக்தி’ பாட்டுகளையும் 1952இல் வந்த ‘அமரகவி’ பாட்டுகளையும் யாரும் இன்றைக்குக் கேட்டுப் பார்க்கலாம். குரல் அப்படியே இருக்கிறது. ஜெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாள் விடுதலை, கலைவாணருக்கும். அவர் எழுந்து நின்றாரே? அவர் உள்ளே இருந்தபோதே அவருடைய ஆட்கள் ‘பைத்தியக்காரன்’ படத்தைத் தொடங்கிவிட்டார்கள். வெளியே வந்ததும் அதில் நடித்தார். 49இல் ‘நல்லதம்பி’, 51இல் ‘மணமகள்’ என்று சொந்தமாகவே எடுத்தார். 1957இல் இறக்கும்வரை ஜனங்கள் அவரைத் தோளில்தான் வைத்திருந்தார்கள்.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். கலைவாணர் கையில் இருந்தது பேச்சு. காலம் மாறினால் பேச்சையும் மாற்றிக்கொள்ளலாம். பாகவதர் கையில் இருந்தது பாட்டு, அதிலும் நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கு எட்டப் பிறந்த பாட்டு. செங்கோட்டையில் இருந்து வந்த அந்த உயரம். ஆரம்ப காலத் தமிழ்ப்படம் அப்படிப்பட்ட ஆளைத் தேடியது. படப்பிடிப்பிலேயே குரலையும் பதிவு செய்வார்கள். நடிக்கிறவர்தான் பாட வேண்டும். ‘பவளக்கொடி’யில் சுமார் ஐம்பது பாட்டு. வாத்தியக்காரர்களை மரத்துக்குப் பின்னாலும் செடி மறைவிலும் உட்காரவைத்து எடுத்த காலம். பிறகு மைக் நல்ல மைக் ஆனது. பாடுவதற்கு ஓர் ஆள், வாயசைக்க ஓர் ஆள் என்று ஆயிற்று. மெதுவாகச் சொன்னாலே காதில் விழும் என்று ஆனபின் உயரத்தில் நின்று பாட வேண்டிய அவசியம் என்ன? பாட்டு குறைந்தது, வசனம் வளர்ந்தது. 1952இல், ‘அமரகவி’ வந்த அதே வருஷம், ‘பராசக்தி’யும் வந்தது. மு.கருணாநிதியின் வசனத்தை வி.சி.கணேசன் என்ற புதுப் பையன் பேசினான். தமிழ்நாடே அதில் வரும் நீதிமன்றக் காட்சியை மனப்பாடம் செய்தது.

ஏழெட்டு வருஷத்தில் மெல்ல நடந்த மாற்றம் இது. பாகவதர் தொழிலில் நடுவே இருந்திருந்தால் ஒவ்வொரு படமாகத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்க முடியும். இரண்டு பாட்டைக் குறைத்திருப்பார், வசனத்தைக் கூட்டியிருப்பார். மாற்றம் வேகம் பிடித்த வருஷங்களில்தான் அவர் உள்ளே இருந்தார். அவருக்காகத் திட்டமிட்ட ‘உதயணன்’ படத்தில் ஜி.என்.பாலசுப்ரமணியம் நடித்தார். வெளியே வந்தபோது மேடையும் அதே மேடை, ஜனமும் அதே ஜனம், காது மட்டும் வேறு.

‘ராஜமுக்தி’யைப் பற்றி நம் பக்கத்துக்காரர் ஒருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பின் வந்த அந்த முதல் படத்துக்கு வசனம் எழுதப் போனவர் புதுமைப்பித்தன். நெல்லைப் பிள்ளை. படப்பிடிப்பு புனாவில். அங்கேதான் காசநோய் அவரைப் பிடித்தது. 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இறந்தார். 42 வயது. படம் அந்த வருஷக் கடைசியில் வந்து தோற்றது. தமிழின் மிகப் பெரிய சிறுகதைக்காரரும் தமிழின் மிகப் பெரிய பாட்டு நடிகரும் ஒரே படத்தில் சேர்ந்து, இருவருக்கும் அது நல்லதாக முடியவில்லை. அந்தப் படத்தில் சேனாதிபதியாக ஒருவர் நடித்தார், எம்.ஜி.ராம்சந்தர் என்று பெயர். ‘அசோக்குமா’ரிலும் பாகவதரோடு சின்ன வேஷத்தில் இருந்தவர். அவர் பிறகு எம்.ஜி.ஆர். ஆனது எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார் என்று அவளுக்குச் சொன்னேன். ரோஸ்கோ ஆர்பக்கிள் என்ற சிரிப்பு நடிகர். 1921இல் ஒரு பெண் இறந்த வழக்கில் மாட்டினார். மூன்று முறை விசாரணை. மூன்றாவது ஜூரி, 1922 ஏப்ரலில், விடுதலை செய்ததோடு நிற்காமல், இவருக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்று எழுதியே கொடுத்தது. அப்படியும் பழைய இடம் திரும்பவில்லை. 1933இல் 46 வயதில் இறந்தார். தீர்ப்பைப் பத்திரிகையில் ஒரு நாள்தான் போடுகிறார்கள். பழியை வருஷக்கணக்கில் போட்டிருப்பார்கள்.

பாகவதருக்கு அதன்பின் ஐந்து படம். ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’, தானே டைரக்ட் செய்த ‘புதுவாழ்வு’, பிறகு ‘சிவகாமி’. ஒன்றும் ஓடவில்லை. நடுவே சர்க்கரை வியாதி பிடித்துக்கொண்டது. இரத்தக் கொதிப்பும் சேர்ந்தது. பார்வை மங்கியது. படத்தில் குணாளனுக்குத் திரும்பி வந்ததுபோல் இவருக்கு வரவில்லை. கூப்பிட்ட ஊரில் போய்ப் பாடினார், கோயில் சந்நிதிகளில் பாடினார். அந்தக் கூட்டம் மட்டும் கடைசிவரை குறையவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னைப் பெரியாஸ்பத்திரியில் இறந்தார். லட்சுமிகாந்தனுக்கு உயிர் போனதும் அதே ஆஸ்பத்திரிதான். பாகவதருக்கு 49 வயது. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்தார்கள். ‘சிவகாமி’ அடுத்த வருஷம் வந்தது.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

“அந்த ரெண்டு வருசத்துக்கு அரசாங்கம் அவருக்கு ஏதாவது கொடுத்துச்சா பெரியப்பா?”

“என்னத்தக் கொடுக்க? வெளிய விட்டாங்க, அவ்வளவுதான்.”

“இன்னைக்கும் அப்படித்தான்” என்றாள். 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையைக் கொடுத்ததாம். தவறாக வழக்குப் போட்டு உள்ளே வைத்தவர்களுக்கு இழப்பீடு கேட்க ஒரு தனி வழி, அதற்கென்று தனி நீதிமன்றம், பணத்தோடு வேலைக்கும் மன நலத்துக்கும் உதவி, எல்லாம் அதில் எழுதியிருக்கிறதாம். ஏழு வருஷம் உள்ளே இருந்தவனுக்கு என்ன, ஏழு மாதம் இருந்தவனுக்கு என்ன, கணக்கு எப்படிப் போடுவது என்று விரலை மடக்கி மடக்கி எனக்கும் கடைக்காரருக்கும் சொன்னாள். அந்தப் பரிந்துரை சட்டமாக வரவில்லை என்றும் சொன்னாள். பாகவதருடைய வழக்கை அடுத்த செமினாருக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பிரிவி கவுன்சில் தீர்ப்பு எங்கே கிடைக்கும் என்று அப்போதே போனில் தேடத் தொடங்கினாள்.

கடைக்காரர் டம்ளரில் இருந்த தன் போனை எடுத்து, பாட்டை முதலிலிருந்து வைத்தார்.